நான் மறைத்த மலை

ஜப்பானுக்குப் போகும் யோசனை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த எதிலும் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இது ஒன்றுதான் மிச்சம். மூன்று குளிர்காலமாக உட்கார்ந்து தகவல் சேர்த்தது நான். எந்த வாரம் எந்த மலையில் எவ்வளவு பனி இருக்கும், எந்த ஊரில் ரயில் மாற வேண்டும் என்று எழுதி வைத்தது நான். போனது வேறு இரண்டு பேர்.

அதில் ஒருத்தி என் சிநேகிதி. அவளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

முப்பத்தோரு வயதில் மென்பொருள் வேலைக்காக மாண்ட்ரியாலுக்கு வந்தேன். திருச்சியில் பிறந்து சென்னையில் வேலை பார்த்தவள். முதல் இரண்டு குளிர்காலத்தை ஆற்றுக்கு அக்கரையில் லொங்கேயில் வீடு, மஞ்சள் லைன் மெட்ரோ, அலுவலகம், மறுபடி மெட்ரோ என்று கழித்தேன். பனியைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். மூன்றாவது வருடம் அலுவலகத்தில் யாரோ தொணதொணத்ததில், வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சின்ன மலையில் ஸ்கீ என்னும் பனிச்சறுக்கு வகுப்பில் சேர்ந்தேன். பெரியவர்களுக்கான வகுப்பு. எட்டுப் பேரில் நம் நிறத்தில் இரண்டு பேர், நானும் இன்னொருத்தியும். சொல்லிக்கொடுத்தவர் பிரெஞ்சில் மட்டும் பேசினார். எனக்கு பொன்ஜூர், மெர்சிக்கு மேல் ஒன்றும் தெரியாது. நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பக்கத்தில் நின்றவள் தமிழில் சொன்னாள்: "முழங்காலை மடிக்கச் சொல்லுறார். பின்னால சாயவேண்டாமாம்."

அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்து, எட்டு வயதில் அம்மாவோடு இங்கே வந்தவள். மாண்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வளர்ந்தவள். இப்போதும் அம்மாவோடு அங்கேதான் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். மருத்துவமனையில் நர்ஸ். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. இருபத்தைந்து வருடம் இந்த ஊரில் இருந்தும் அதுவரை அவள் ஸ்கீ போட்டதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அது வெள்ளைக்காரர்களின் விளையாட்டு, நமக்கில்லை என்று நினைத்துவிட்டதாகச் சொன்னாள். முதல் மாதம் என்னை "நீங்கள்" என்றாள். பிறகு ஒரு நாள் "நீர்" என்று ஆரம்பித்தாள். எனக்கு அது பாடப்புத்தகத்தில் புலவர்கள் பேசிக்கொள்ளும் சொல், சிரிப்பு வந்தது. அவர்கள் ஊரில் அது நெருக்கமானவர்களுக்கான சொல் என்று தெரிந்ததும், அவள் அப்படிக் கூப்பிடுவது எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. நான் அவளை "நீ" என்றே கூப்பிட்டேன்.

நான்கு வருடம் நாங்கள் இருவரும்தான். சனிக்கிழமை காலையில் என் கார், அவள் அம்மா கட்டித்தரும் இடியப்பமும் சம்பலும், மலை. எனக்கு இந்த ஊரில் வேறு நெருங்கிய ஆள் கிடையாது. அவளுக்கு உண்டு. அவளுக்கு மச்சாள்மார், வேலையிடத்துச் சிநேகிதிகள், கோயில்கூட்டம் எல்லாம் இருந்தது. இதுவும் அப்போதே எனக்கு லேசாக உறுத்தும். சனிக்கிழமை மட்டும் அவள் எனக்கு என்று வைத்துக்கொண்டேன்.

கியூபெக் மலைகளில் பனி என்று சொல்வது பெரும்பாலும் ஐஸ்தான். ஒரு நாள் மழை பெய்யும், மறுநாள் உறையும், அதன்மேல் இயந்திரத்தை ஓட்டிச் சுரண்டி வைப்பார்கள். திரும்பும்போதெல்லாம் ஸ்கீயின் விளிம்பு கரகரவென்று கத்தும். பவுடர் என்பது அப்படி இல்லை. ஈரமே இல்லாமல், சலித்த மாவு மாதிரி விழுந்து கிடக்கும் புதுப்பனி. அதில் சத்தமே வராது என்பார்கள். இடுப்பு வரை புதைந்து மிதந்துகொண்டு இறங்கலாம் என்பார்கள். நாங்கள் அதை வீடியோவில் பார்த்ததோடு சரி. அந்தப் பனிக்குப் பேர்போன இடம் ஜப்பான். வசந்தகாலத்தில், மார்ச் கடைசியில் போனால் கூட்டம் குறைந்திருக்கும், பகல் நீண்டிருக்கும், உள்நாட்டு உயரமான மலைகளில் மட்டும் பனி இன்னும் காய்ந்தே இருக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அங்கே வடக்குத் தீவான ஹொக்கைடோவில் பஸ் ஓட்டும் ஒருவர் தினமும் எழுதும் வலைப்பதிவைக் கணினி மொழிபெயர்ப்பில் படித்துவந்தேன். மொழிபெயர்ப்பு படு மோசம். "இன்று மாவு. முழங்கால்கள் சிரித்தன" என்றெல்லாம் வரும். முழங்கால் சிரிப்பது என்றால் களைப்பில் கால் நடுங்குவது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் அடிக்கடி எழுதுவது ஒரு சின்ன மலையைப் பற்றி. ஒரே ஒரு லிஃப்ட், ஒரு நூடுல்ஸ் கடை, லிஃப்ட் ஓடாத நேரத்தில் உள்ளூர்க்காரர்கள் நின்று கதை பேசும் ஒரு கொட்டகை. சுற்றுலாப் பயணிகள் யாருக்கும் தெரியாது. ஏப்ரல் வரை பவுடர் நிற்கும். இங்கே எங்கள் மலையில் கம்பியில் தொங்கும் நாற்காலியில், சேர் லிஃப்டில், மேலே போகும்போதெல்லாம் நான் சிநேகிதியிடம் அந்த மலையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் புத்தி எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஒரு வழியாகப் போன வருடம் இருவரும் லீவு வாங்கினோம். பதினான்கு நாள், நான்கு மலை. எல்லாம் முடிவான பிறகுதான் என் பி.ஆர். கார்டை எடுத்துப் பார்த்தேன். இங்கே நிரந்தரமாக வசிப்பதற்கான அட்டை அது. பிப்ரவரியில் காலாவதி. உலகத்தின் மறுபக்கத்துப் பனியை அங்குல அங்குலமாகக் கணக்கெடுத்தவள், கைப்பையில் கிடந்த அட்டையின் தேதியைப் பார்க்கவில்லை. அவசரமாகப் புதுப்பிக்க அனுப்பினேன். புகைப்படத்தை வீட்டுச் சுவரில் சாய்ந்து நானே எடுத்திருந்தேன். அளவு தப்பு என்று ஜனவரியில் எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினால் மார்ச்சுக்குள் வராது. அட்டை இல்லாமல் இங்கிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஜப்பான் விசா கிடைக்காது. கிடைத்தாலும் திரும்பி வர விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

அவளுக்கு இது எதுவும் இல்லை. கனடாப் பாஸ்போர்ட். நினைத்தால் ஏறலாம்.

மலையடிவாரத்துக் கார் நிறுத்துமிடத்தில், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அவளிடம் சொன்னேன். அவள் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை என்றேன். பிறகு, "நீ போயிட்டு வா" என்றேன். நீர் இல்லாமல் நான் என்னண்டு போறது என்று அவள் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னது அது. அவள் யோசித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள்.

"நான் போறன்" என்றாள். "கோபமோ?"

இல்லவே இல்லை என்றேன். அவளைத் தனியாக அனுப்ப அவள் அம்மா சம்மதிக்கவில்லை, அதனால் துணைக்கு ஒருத்தியைக் கேட்டிருக்கிறாள், அவளும் வருகிறாள் என்று மெதுவாகச் சொன்னாள். யார் என்று கேட்டேன். அவள் பதிலைக் கேட்டதும் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

அது என் அலுவலகத்துப் பெண். இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு பக்கத்து ஊரான லவாலில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் ஐந்து வயதிலேயே ஸ்கீ கற்றவள். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கும் சரிவில் அவள் கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு இறங்குவாள். என்னை "அக்கா" என்பாள், அதோடு அவள் தமிழ் முடிந்து பிரெஞ்சு தொடங்கிவிடும். அந்தக் குளிர்காலம் ஒரு சனிக்கிழமை அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் என் சிநேகிதிக்கு அறிமுகப்படுத்தியது நானேதான். அன்று திரும்பும் வழியில் இருவரும் பிரெஞ்சில் வேகவேகமாகப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் ஓட்டினேன்.

அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றெரிச்சல் என்பதைச் சும்மா சொல்லி வைக்கவில்லை, உண்மையிலேயே வயிற்றில்தான் எரிகிறது. பாஸ்போர்ட்டுக்காகவா, பனிக்காகவா, அவளுக்காகவா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அலுவலகத்தில் அந்தப் பெண்ணின் நாற்காலியைக் கடந்து போகும்போது அவள் திரையில் ஜப்பான் ரயில் நேரங்கள் திறந்திருக்கும். ஒரு நாள் அவளே என்னிடம் வந்து, ஜப்பானுக்கு என்று நான் வாங்கி வைத்திருந்த அகலமான ஸ்கீயைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். அவளுடையது ஐஸுக்கானது, குறுகல். மாட்டேன் என்று சொல்லக் காரணம் எதுவும் அகப்படவில்லை. கொடுத்தேன். என் பூட்ஸைக் கவ்வும் அளவுக்குப் பொருத்தியிருந்த பைண்டிங்கைக் கடையில் அவள் காலுக்கு மாற்றி வைத்துக்கொண்டாள்.

அதே வாரம் சிநேகிதி திட்டத்தை அனுப்பச் சொன்னாள். முப்பது பக்க டாக்குமெண்ட். அனுப்புவதற்கு முன் அதைத் திறந்து, அந்தச் சின்ன மலை இருந்த இரண்டு பக்கத்தை அழித்தேன். பத்தாம் நாள், பதினொன்றாம் நாள். அந்த இடைவெளி தெரியாமல் இருக்க, முன்னால் இருந்த பெரிய ஊரில் இரண்டு நாளைக் கூட்டி, பக்க எண்ணை எல்லாம் சரி செய்தேன். அலுவலக வேலையைச் செய்வது போல் நிதானமாகச் செய்தேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன், இது ஒன்றாவது எனக்கு இருக்கட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் பதிலுக்கு நன்றி சொல்லி நீளமாக எழுதியிருந்தாள். இவ்வளவு வேலை யார் செய்வார்கள், நீர் வராமல் போவது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்றெல்லாம். நான் ஒரு கைகூப்பும் படம் அனுப்பினேன்.

மார்ச் மூன்றாம் வாரம் நானே அவர்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். பின்சீட்டை மடித்து வைத்த இடத்தில் என் ஸ்கீ இருந்த பை நீளமாகக் கிடந்தது. இறங்கும்போது சிநேகிதி என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, பின்னால் கார் நிற்கிறது, சீக்கிரம் என்றேன்.

அவர்களுடைய இரவு பத்து மணி எனக்குக் காலை ஒன்பது. தினமும் வேலைக்குப் போகிற மெட்ரோவில் படங்கள் வந்து விழும். முதல் நாள், வெள்ளைத் தண்டுகொண்ட மரங்களுக்கு நடுவே சிநேகிதி, நெஞ்சளவு பனி, முகம் முழுக்க மாவு. அவள் வாயைத் திறந்து சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. அடுத்தது அந்தப் பெண் என் ஸ்கீயில் பறக்கும் வீடியோ. பனி இரண்டு பக்கமும் புகையாக எழுகிறது, உண்மையிலேயே சத்தம் இல்லை. நான் ஒலியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். யாரோ மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் சோற்று உருண்டை, வெந்நீர்க் குளத்து வாசல், ஒரு ரயில் ஜன்னல். எல்லாவற்றுக்கும் இதயம் போட்டேன். என் எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் ஈரக் கோட்டும் உப்புப் படிந்த பூட்ஸுமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

என் போனில் மாண்ட்ரியால் வானிலைக்குக் கீழே அவர்கள் இருந்த ஊரின் வானிலையைச் சேர்த்து வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் அதில் மழைத்துளி வந்தது. ஆறாம் நாளும் மழை. ஏழாம் நாளும். கடலோர மலைகளில் மார்ச் கடைசியில் அப்படி ஆகும், எனக்குத் தெரிந்ததுதான். அன்று மத்தியானம் நல்ல பசி எடுத்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் கடையில் வாங்கி வைத்திருந்த ஊறுகாயைத் திறந்து இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன். அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எட்டாம் நாள் காலை அவளிடமிருந்து செய்தி: "இஞ்ச ஒரே மழை. நீர் எப்பவும் சொல்லுற அந்தச் சின்ன மலைக்கு என்ன பேர்? பிளானில காணேல்லை."

அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் பலமுறை படித்தேன். திட்டத்தில் காணவில்லை என்று அவள் கவனித்திருக்கிறாள். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். விட்டுப்போச்சு, இதுதான் பேர், காலை ரயிலைப் பிடித்தால் மத்தியானம் போய்விடலாம் என்று எழுத ஒரு நிமிடம் போதும். நாலு மணிக்குப் பதில் எழுதினேன்: "சரியா ஞாபகம் இல்லை. தேடிப் பார்த்துச் சொல்றேன்." அவள் "சரி" என்று மட்டும் அனுப்பினாள். பிறகு பஸ் டிரைவரின் பதிவைத் திறந்தேன். அங்கே முழங்கால் அளவு புதுப்பனி. மாவு என்று எழுதியிருந்தார். மூடிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் தனியாக எங்கள் மலைக்குப் போனேன். போயிருக்க வேண்டாம். லிஃப்டுக்கு நிற்கும் இடத்தில் சேறும் தண்ணீரும். சரிவின் ஓரங்களில் காய்ந்த புல் எட்டிப் பார்த்தது. மேலே காலையில் ஐஸ், பத்து மணிக்கு மேல் கஞ்சி. லிஃப்டை இயக்குபவர் நான்கு வருடமாக எங்கள் இருவரையும் பார்த்தவர். இன்று தனியாகவா என்று பிரெஞ்சில் கேட்டார். ஆமாம் என்றேன். நான்கு பேர் உட்காரும் நாற்காலியில் ஒருத்தியாக மேலே போகும்போது பேச ஆளில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. அவளிடம் பேர் சொல்லாமல் விட்டதை நானே எனக்குப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த விதத்திலும் அது நன்றாக இல்லை. இருந்தும் போனை எடுத்து எழுதவில்லை. இரண்டு தடவை இறங்கிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கடைசி நாட்களில் படங்கள் குறைந்தன. அவர்கள் திரும்பி வந்த அன்று நான் போய் அழைத்து வந்தேன். இருவரும் கண்ணாடி போட்ட இடம் தவிர மற்ற இடமெல்லாம் கறுத்துப் போயிருந்தார்கள். சிநேகிதி முன்னால் உட்கார்ந்தாள், அந்தப் பெண் பின்னால் பைகளுக்கு நடுவே. சிநேகிதி ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டாள், தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். பின்னால் இருந்தவள்தான் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக மூச்சு விடாமல் பேசினாள். மழையில் நான்கு நாள் வீணானது, பிறகு பத்தாம் நாள் ரயிலேறி ஒரு குட்டி மலைக்குப் போனது, ஒரே ஒரு லிஃப்ட், இரண்டு நாள் முழுக்க அவர்களும் பத்துப் பன்னிரண்டு உள்ளூர்க்காரர்களும் மட்டும், வாழ்க்கையில் அப்படிப் பனி பார்த்ததில்லை, அக்காவின் ஸ்கீ அங்கேதான் சரியாக ஓடியது என்றாள்.

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு, அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"இவவுக்கு முதலே தெரியும் அக்கா. பிளேனிலயே எனக்குப் பேர் சொன்னவ" என்றாள் அவள், ஒன்றும் அறியாமல்.

லவாலில் அவளை இறக்கிவிட்டோம். அவள் அப்பா வந்து பைகளை எடுத்துக்கொண்டு, உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். இன்னொரு நாள் வருகிறோம் என்றோம். அங்கிருந்து பார்க் எக்ஸ்டென்ஷன் வரை இருபது நிமிடம். ரேடியோ போடவில்லை. அவள் வீட்டு வாசலில் நிறுத்தி, இஞ்சினை அணைத்தேன்.

"பேர் தெரியும்னா என்கிட்ட ஏன் கேட்டே?" என்றேன்.

அவள் கையுறையை மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். "மூண்டு வருஷமா அந்த நாற்காலியில இருந்து அதைத்தானே சொன்னனீங்கள். எனக்கு மறக்குமே? பிளானில இல்லை எண்ட உடனேயே விளங்கிட்டுது. கேட்டாலாவது சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்."

நீங்கள் என்றாள். எனக்கு அதுதான் முதலில் உறைத்தது.

மறந்துவிட்டது என்று மறுபடி சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "பொறாமை" என்றேன். "நீ போறது பொறாமை. அவளோட போறது அதைவிடப் பொறாமை. மழை பெஞ்சப்ப சந்தோஷப்பட்டேன்."

அவள் அதைக் கேட்டு அதிர்ந்த மாதிரித் தெரியவில்லை. அடுத்து அவள் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "நீங்கள் போ எண்டது மனசால இல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் போனனான். எட்டு வயசில இஞ்ச வந்தது. அதுக்குப் பிறகு பிளேன் ஏறினதெல்லாம் ஒண்டில் செத்தவீடு, இல்லாட்டிக் கலியாணவீடு. லண்டன், பாரிஸ், திரும்ப லண்டன். இது ரெண்டும் இல்லாமல் நான் போன முதல் பயணம் இது. உங்களுக்காக அதை விட்டுக்குடுக்க ஏலாமப் போச்சு."

அவளுக்கு எல்லாம் சுலபம், பாஸ்போர்ட் இருக்கிறது, நினைத்தால் ஏறலாம் என்று ஜனவரியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தவள் நான். அவளை எங்கேயாவது போயிருக்கிறாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் திட்டம் சொல்வேன், அவள் கேட்பாள், அப்படித்தான் நான்கு வருடமும். மன்னித்துவிடு என்றேன். அவள் தலையாட்டினாள், பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வெளிப்படிக்கட்டில் மூன்று மாடியும் அவள் ஸ்கீயைத் தோளில் வைத்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி செய்ய இறங்கியிருக்கலாம், கூச்சமாக இருந்தது.

ஏப்ரல் முழுக்க அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. மே மாதம் என் அட்டை தபாலில் வந்தது. எதற்கும் உபயோகமில்லாத வெயில் காலத்தில், பளபளவென்று. அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன், வேறு ஒன்றும் எழுதாமல். அரை மணி நேரத்தில் கூப்பிட்டாள். "படத்தில நீர் திருடி மாதிரி இருக்கிறீர்" என்றாள். நான் சிரித்தேன், பிறகு அழுதேன், அவள் லைனிலேயே இருந்தாள். அதன்பிறகு பேச்சு மெதுவாகப் பழைய வழிக்கு வந்தது. முழுதாக வந்தது என்று சொல்லமாட்டேன். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அப்படியே நம்புவாள். இப்போது ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பாள். அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

இந்தக் குளிர்காலம் மூன்று பேராகப் போகிறோம். அதை நான்தான் கேட்டேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவர்கள் இருவரும் என்னை விட்டுவிட்டுப் போவதைவிட மூவராகப் போவது மேல் என்ற கணக்கு. அந்தப் பெண் காரில் பிரெஞ்சில் ஆரம்பித்தால் சிநேகிதி "தமிழில சொல்லு" என்பாள். அவளும் தட்டுத்தடுமாறிச் சொல்வாள். நான் செவ்வாய்க்கிழமைகளில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன்.

பிப்ரவரியில் ஒரு வாரம் இங்கே பெரும் புயல். இரண்டு நாள் விடாமல் பனி, அதுவும் கடுங்குளிரில், ஈரமில்லாமல். பள்ளிகளை மூடினார்கள், பஸ்கள் நின்றன. மூன்றாம் நாள் சனிக்கிழமை. விடிந்ததும் வடக்கே கிளம்பினோம். எங்கள் மலையில் நான் அப்படி ஒரு காலையைப் பார்த்ததில்லை. ஐஸ் எங்கேயோ அடியில் போய்விட்டது. மேலே தொடை அளவு மாவு. மரங்களுக்கு நடுவே போகலாம் என்றார்கள். எனக்குத்தான் அது எல்லாம் படித்துப் படித்துத் தெரியுமே என்று முன்னால் போனேன்.

மூன்றாவது திருப்பத்தில் தலைகுப்புற விழுந்தேன். எழுந்தால் ஒரு காலில் ஸ்கீ இல்லை. பவுடரில் ஸ்கீ கழன்றால் மேலே கிடக்காது, உள்ளே போய்விடும். எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. நான் விழுந்து கிடந்த இடத்தைச் சுற்றிக் கையால் துழாவினேன். இடுப்பு வரை புதைந்ததுதான் மிச்சம்.

"அங்க இல்லை அக்கா, மேல" என்றாள் சின்னவள். கழன்ற ஸ்கீ அங்கேயே நின்றுவிடும், நாம்தான் உருண்டு கீழே வருவோமாம். இருவரும் மேலே ஏறி, கைத்தடியைப் பனிக்குள் சாய்த்து, வயலில் உழவுச் சால் ஓட்டுவது போல் கோடு கோடாக இழுத்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி முடித்த இடத்தில் இன்னொருத்தி தொடங்கினாள். பேசிக்கொள்ளவே இல்லை. இதை அவர்கள் ஜப்பானில் பலமுறை செய்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்குக் கைகள் விறைத்துவிட்டன, ஆனாலும் உள்ளே பழைய இடத்தில் சுருக்கென்று எரிந்தது. அந்தப் பதினான்கு நாளில் இவர்கள் இன்னும் என்னென்ன கற்றுக்கொண்டார்கள், எத்தனை தடவை ஒருத்திக்காக ஒருத்தி இப்படித் தோண்டினாள், எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்வார்கள். சொன்னாலும் நான் அங்கே இருந்ததாக ஆகாது.

இருபது நிமிடத்தில் சின்னவளின் தடி ஏதோ ஒன்றில் தட்டியது. தோண்டி எடுத்துப் பனியைத் துடைத்து என் காலடியில் வைத்தாள். சிநேகிதி குனிந்து என் பூட்ஸின் அடியில் ஒட்டியிருந்த பனியைத் தடியால் சுரண்டினாள். "ஐஸில நிக்கிற மாதிரி நிக்காதையும். ரெண்டு காலையும் கிட்ட வையும். திருப்பாதையும், அதுவே திரும்பும்" என்றாள். நான் மூன்று வருடம் படித்ததில் இது இருந்தது. படித்ததற்கும் காலுக்கும் சம்பந்தம் இல்லை.

கீழே இருந்த சரிவில் இன்னும் யாரும் இறங்கியிருக்கவில்லை. இருவரும் எனக்காக நின்றார்கள். நான் இறங்கினேன். இரண்டு காலையும் சேர்த்து வைத்தேன். ஐந்தாறு திருப்பம் வந்தது. சத்தமே இல்லை, மூச்சு மட்டும். ஏழாவதில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன், இந்தத் தடவை ஸ்கீ காலிலேயே இருந்தது. கழுத்துக்குள் போன பனியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் என் இரண்டு பக்கமும் கடந்து போனார்கள், ஒருத்தி இடது, ஒருத்தி வலது, பனி பின்னால் எழுந்து அடங்கியது. பார்க்க அழகாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. எழுந்து அவர்கள் பின்னால் போனேன்.